ஆஸ்பத்திரிக்கு வாங்கிப்போகும் ஆப்பிள்



நம் மடுகரையிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கோ நோயாளியைப் பார்க்கப் புறப்படுகிறவர் கையிலுள்ள பையைப் பிரித்துப் பார்த்தால், ஒரு பிரட் பாக்கெட்டும் நாலைந்து ஆப்பிளும் இருக்கும். கிலோ நூற்றைம்பது, இருநூறு என்று விற்றாலும், அன்றாடக் கூலி வேலைக்குப் போகிறவர்கூட அரைக் கிலோ வாங்காமல் பஸ் ஏறுவதில்லை. "வெறுங்கையோடயா போறது?" என்பது நம் பக்கத்து மரியாதை. அந்த மரியாதை என்றைக்கும் இருக்கட்டும். அந்த ஆப்பிளைக் கொண்டுபோன பிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

பேசவைத்தது ஒரு வாசகி எழுதிய கடிதம். "ஐயா, எங்கப்பாவுக்கு ஆப்பரேஷன் ஆனதுலேருந்து தினமும் ரெண்டு வேளை ஆப்பிள் ஜூஸ் போட்டுக் குடுக்குறோம். சர்க்கரை சேர்க்கறதே இல்ல. இருந்தும் சுகர் இறங்கவே மாட்டேங்குது. நல்ல பழம் எப்பிடிப் பாத்து வாங்கறதுன்னு எழுதுங்க." பழத்தில்தான் ஏதோ கோளாறு என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறார். பாவம், எவ்வளவு கரிசனத்தோடு செய்திருப்பார்!

சகோதரி, பழத்தில் கோளாறு இல்லை. பழத்தை ஜூஸாக்கும்போது நடப்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊர்களுக்குச் சுகர் சின்ன விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நீரிழிவில் கோவா முதலிடம், 26.4 சதவீதம். அடுத்த இடம் நம் புதுச்சேரி, 26.3 சதவீதம். நாட்டின் சராசரியோ 11.4 சதவீதம்தான். பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் சுகர் என்றால், நம் நெட்டப்பாக்கம் கொம்யூனில் எந்தத் தெருவும் இதற்கு விலக்காக இருக்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில், உடம்புக்கு நல்லது என்று நம்பி ஊற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு டம்ளரையும் ஒருமுறை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு நடுத்தர ஆப்பிளில் ஏறத்தாழ 19 கிராம் சர்க்கரையும் நாலு கிராமுக்குக் கொஞ்சம் மேலே நார்ச்சத்தும் இருக்கின்றன. அந்த நாரில் பாதியளவு தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான். பழமாகக் கடித்துத் தின்னும்போது அந்தச் சர்க்கரை நாருக்குள் சிக்கியிருக்கும்; மென்று, விழுங்கி, வயிற்றில் கரைந்து, மெல்ல மெல்லத்தான் ரத்தத்தில் சேரும். ஜூஸ் போட்டு வடிகட்டினால் சர்க்கரை டம்ளருக்குள் வந்துவிடுகிறது, நார் சக்கையோடு போய்விடுகிறது. கால் லிட்டர் ஆப்பிள் ஜூஸுக்கு இரண்டு மூன்று பழம் வேண்டும். அதில் சுமார் 24 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூன். அதே அளவு கோலா பானத்திலும் ஏறத்தாழ இதே அளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பழச்சாற்றில் இயற்கையாக இருக்கும் சர்க்கரையையும் நாம் கையால் அள்ளிப் போடும் சர்க்கரையோடு சேர்த்தே கணக்கிடுகிறது. முழுப் பழத்தில் இருப்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது அது. காலையில் ஒரு டம்ளர் ஜூஸ் குடித்துவிட்டால், சர்க்கரை போட்ட டீக்குக்கூட இடம் மிச்சமில்லை.

1977-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மருத்துவர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: ஒரு நாள் முழுப் பழம், ஒரு நாள் மசித்த கூழ், ஒரு நாள் ஜூஸ். மூன்றிலும் சர்க்கரை ஒரே அளவு. முழுப் பழத்தைத் தின்று முடிக்க ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கிலேயே ஜூஸ் காலியாகிவிட்டது. பழம் தின்றவர்களுக்கு வயிறு நிறைந்தது. ஜூஸ் குடித்தவர்களுக்கு நிறையவில்லை, கூழ் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஜூஸ் குடித்த பிறகு இன்சுலின் அதிகம் சுரந்தது. சற்று நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரேலென்று கீழே இறங்கி, மறுபடி பசியெடுத்தது. சாதாரண மிக்ஸியும் பத்துப் பேரும் போதும் என்று சொல்லும்படியான சோதனை. ஆனால் பின்னாளில் வந்த பெரிய ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது. 2013-இல் அமெரிக்காவில் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் பேருடைய உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. ஆப்பிள், திராட்சை போன்றவற்றை முழுப் பழமாகத் தின்றவர்களிடம் நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு நிறையக் குடித்தவர்களிடம் அதிகமாகவும் தெரிந்தது.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான்: பல் இருக்கிறவர்கள் ஆப்பிளைக் கடித்தே தின்னுங்கள், தோலோடு.

ஆப்பிளின் நன்மை என்று ஊரில் சொல்லப்படுவதில் எது உண்மை, எது மிகை என்றும் பார்த்துவிடலாம். ஆப்பிளில் வைட்டமின் சி கொட்டிக் கிடக்கிறது என்று பலரும் நம்புகிறோம். நூறு கிராம் ஆப்பிளில் ஐந்து மில்லிகிராம்கூட இல்லை. நம் வீட்டுக் கொல்லையில் காக்காய் கொத்திக்கொண்டிருக்கும் கொய்யாவில் அதே நூறு கிராமில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல். நாரும் இரண்டு மடங்குக்கு மேல். ஆஸ்பத்திரிக்கு நல்ல கொய்யா நாலு கொண்டுபோனால் யாரும் நம்மைக் குறைவாக நினைக்க வேண்டியதே இல்லை. புண் ஆறவும் வைட்டமின் சி வேண்டும் அல்லவா?

ஆப்பிளின் பெருமை வேறு இடத்தில். அதிலுள்ள பெக்டின் என்ற கரையும் நார், குடலில் பித்த உப்புகளைப் பிடித்து வெளியே கொண்டுபோவதால் கெட்ட கொழுப்பு கொஞ்சம் குறைகிறது. கொலஸ்ட்ரால் லேசாகக் கூடியிருந்த நாற்பது பேருக்கு எட்டு வாரம் தினமும் இரண்டு ஆப்பிள் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2020-இல் வெளியானது. குறைவு சிறியதுதான், ஆனால் உண்மையானது. அதே அளவு சர்க்கரை கொண்ட ஆப்பிள் பானம் குடித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. தோலில் இருக்கும் குவெர்செட்டின் முதலான பொருள்கள் ரத்தக்குழாய்க்கு நல்லவை. தோலைச் சீவி எறிந்தால் அவையும் போயின. இன்னொன்று, சிறுநீரகக் கோளாறு உள்ள பலருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்வார்கள். நூறு கிராம் வாழைப்பழத்தில் 350 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். ஆப்பிளில் சுமார் 107 தான். டயாலிசிஸுக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு மருத்துவர் அனுமதிக்கும் சில பழங்களில் ஆப்பிள் முன்னே நிற்பது இதனால்தான். அவர்களுக்கும் ஜூஸ் வேண்டாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்கிற தண்ணீர்க் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இந்தப் பழம் நம் ஊருக்கு வந்த கதையையும் கொஞ்சம் சொல்லவா? இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 1870-களிலேயே ஹிமாசலத்தின் குலு பள்ளத்தாக்கில் ஆங்கிலேயர்கள் தோட்டம் போட்டுவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்தவை புளிப்பு ரகங்கள், நம் நாக்குக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வசதியான வீட்டில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற இளைஞர் 1904-இல் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்ய இந்தியா வந்தார். சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் மலைக் கிராமத்தில் தங்கி, அந்த ஊர்ப் பெண்ணையே மணந்தார். அங்கே ஏழை விவசாயிகள் படும் பாட்டைப் பார்த்து, அமெரிக்காவிலிருந்து இனிப்பான சிவப்பு டெலிஷியஸ் கன்றுகளை வரவழைத்து 1916-இல் நட்டார். மலை நாட்டின் வாழ்க்கையே மாறிப்போனது. சுதந்திரப் போராட்டத்திலும் இறங்கிய அவரை, வெள்ளைக்கார அரசு ராஜத்துரோகம் என்று சொல்லி 1921-இல் சிறையில் அடைத்தது. பின்னாளில் இந்துவாக மாறி சத்யானந்த் என்று பெயர் வைத்துக்கொண்டு, சுதந்திரத்துக்கு ஓராண்டு முன்பு 1946-இல் காலமானார். ஹிமாசலத்து ஆப்பிளை வாங்கும்போது அந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வது நல்லது.

இன்று நாட்டு விளைச்சலில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு காஷ்மீர். அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் லாரியில் வந்து, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இறங்கி, வில்லியனூர் வழியாக நம் ஊர்த் தள்ளுவண்டிக்கு ஏறுகிறது. ஹிமாசலத்தில் ஜூலையில் பறிப்பு தொடங்கும், காஷ்மீரில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை. ஆக, ஆடி பிறந்ததிலிருந்து கார்த்திகை வரை நமக்குப் புதுப் பழம் கிடைக்கும் காலம். பிறகு வருவதெல்லாம் ஆக்சிஜனைக் குறைத்து, குளிரூட்டி மாதக்கணக்கில் வைத்த கிடங்குப் பழம், அல்லது வெளிநாட்டுப் பழம். கிடங்குப் பழம் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் கிடங்கைவிட்டு வெளியே வந்து நம் வெயிலில் வண்டியில் நான்கு நாள் நின்றால், மேலே பளபளவென்று இருந்தாலும் உள்ளே மாவாகிப் போயிருக்கும்.

இனி, மென்று தின்ன முடியாதவர்களுக்கு. பல் போன பெரியவர்கள், தாடையில் ஆப்பரேஷன் ஆனவர்கள், காய்ச்சலில் ஒரு வாய் எடுக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜூஸ்தான் வழி. அதற்குப் பழம் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன்.

கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதில்தான் சாறு. காம்பைச் சுற்றிய குழியிலும் அடிக்குழியிலும் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். கல்போல நின்றால் எடுங்கள், அமுங்கினால் வைத்துவிடுங்கள். சிவப்பை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சிவப்புக்கு நடுவே தெரியும் அடிநிறம் இளம்பச்சையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் பதம். நன்றாக மஞ்சளேறி மங்கியிருந்தால் பழம் பழசு. தோல் சுருங்கியிருந்தால் தண்ணீர் போய்விட்டது. காம்புப் பக்கம் முகர்ந்தால் இனிய வாசம் வர வேண்டும். கள் வாடை வந்தால் உள்ளே புளிக்கத் தொடங்கிவிட்டது. ரகம் என்று பார்த்தால், கடையில் அதிகம் கிடைக்கும் சிவப்பு டெலிஷியஸ் சீக்கிரம் மாவாகும். அது ஜூஸில் நுரையும் கூழுமாக வரும், சாறு குறைவு. ராயல் காலா, ஃப்யூஜி போன்றவை மொறுமொறுப்பும் சாறும் உள்ளவை. இரண்டு இனிப்புப் பழத்தோடு ஒரு பச்சை ஆப்பிள் சேர்த்தால் ருசி எடுப்பாக இருக்கும். பச்சை ஆப்பிள் கிடைக்காவிட்டால் எலுமிச்சை போதும்.

இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகும் இடம் ஒன்று உண்டு. "ஜூஸுக்குத்தானே, அடிபட்டதே போதும்" என்று விலை குறைத்துக் கூறு கட்டி விற்கும் பழத்தை வாங்குகிறோம். கை பட்டுக் கன்றிப்போன பழம் வேறு, அழுகத் தொடங்கிய பழம் வேறு. கன்றியதை அன்றைக்கே அந்த இடத்தை வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். அழுகலும் நீலப் பூஞ்சையும் தெரிந்தால் முழுப் பழத்தையும் குப்பையில் போடுங்கள். ஆப்பிளில் வரும் அந்தப் பூஞ்சை பாட்டுலின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கெட்ட இடத்தை வெட்டினாலும், பக்கத்து நல்ல சதையில் அது பரவியிருக்கும். காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஆப்பிள் சாற்றில் இது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. முழுப் பழம் தின்கிறவர் அழுகலைக் கண்ணால் பார்த்துத் துப்பிவிடுவார். ஜூஸில் அது தெரியாது. அதனால் ஜூஸுக்கு வாங்கும் பழம் தின்ன வாங்கும் பழத்தைவிட நல்லதாக இருக்க வேண்டும். ஜூஸ் கடையிலும் கண் எதிரே பழத்தை எடுத்து வெட்டுகிறார்களா என்று பாருங்கள், கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மெழுகைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஆப்பிள் தானாகவே மெல்லிய மெழுகுப் பூச்சோடுதான் காய்க்கிறது. அதுபோக, பறித்துக் கழுவிய பழத்தில் தேன்மெழுகு, கர்னாபா மெழுகு, அரக்கு இவற்றைப் பூச அனுமதி உண்டு. கத்தியால் சுரண்டி வெள்ளைத் தூள் வந்தால் விஷம் என்று பயந்துவிட வேண்டாம். பூச்சிமருந்துதான் கவலைப்பட வேண்டியது. அதற்கு நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது: அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, பழத்தைக் கால் மணி நேரம் ஊறவைத்து, கையால் தேய்த்துக் கழுவுங்கள். 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, தோலின் மேலிருந்த மருந்தை நீக்க இது வெறும் தண்ணீரைவிடவும் பிளீச்சிங் கரைசலைவிடவும் நன்றாக வேலை செய்தது. தோலுக்குள் இறங்கியதை எதுவும் முழுதாக எடுக்காது. ஸ்டிக்கரில் இருக்கும் நாலு இலக்க எண்ணை வைத்து விஷப் பழம், நல்ல பழம் என்று போனில் சுற்றுகிற செய்திகளை நம்ப வேண்டாம். அது பில் போடுவதற்கான எண். ஸ்டிக்கரை உரித்து, அந்த இடத்தைக் கழுவினால் போதும்.

போடும் முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நடுவிலுள்ள கொட்டையை எடுத்துவிடுங்கள். அரைபட்டால் அதிலிருந்து சயனைடு உண்டாகும், ஒன்றிரண்டால் ஆபத்தில்லை என்றாலும் மிக்ஸிக்குள் போக வேண்டிய பொருள் இல்லை அது. தோலோடு துண்டாக்கி, காய்ச்சி ஆறிய தண்ணீர் கொஞ்சம் விட்டு, அரை மூடி எலுமிச்சை பிழிந்து அரையுங்கள். எலுமிச்சை இருந்தால் சீக்கிரம் கருக்காது. வடிகட்டாதீர்கள். ஒரு பழத்தை மட்டும் இப்படி வடிகட்டாமல் அடித்துக் கொடுத்தால் நாரும் உள்ளே போகிறது, மூன்று பழத்துச் சர்க்கரையும் ஏறாது. முழுப் பழத்துக்கு அது ஈடில்லை. வடித்த ஜூஸைவிட எவ்வளவோ மேல். சர்க்கரை, தேன், கருப்பட்டி எதுவும் வேண்டாம். போட்டவுடன் குடித்துவிட வேண்டும். மத்தியானத்துக்கு என்று எடுத்துவைக்காதீர்கள்.

பாக்கெட் ஜூஸைப் பற்றி இரண்டு வரி. மலையில் ஆலங்கட்டி மழையில் அடிபட்ட, சிறுத்துப்போன பழங்களை ஹிமாசல அரசு விலை நிர்ணயித்து வாங்கி, பர்வானூ போன்ற இடங்களிலுள்ள ஆலைகளில் சாற்றை வற்றவைத்துக் கெட்டிக் குழம்பாக்குகிறது. விவசாயிக்கு அது பெரிய ஆறுதல், அதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தக் குழம்பில் மறுபடி தண்ணீர் கலந்ததே கடைப் பாக்கெட்டில் வரும் பெரும்பாலான ஜூஸ். அப்படிப்பட்டதை 'நூறு சதவீதப் பழச்சாறு' என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பின்பக்கம் சிறிய எழுத்தில் இருப்பதைப் பிள்ளைகளைவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்த ஜூஸும் வேண்டாம். வேகவைத்து மசித்த ஆப்பிளை ஆறு மாதத்துக்குமேல் கொடுக்கலாம். வயிற்றோட்டம் என்றால் கெட்டியான ஆப்பிள் ஜூஸ் கூடாது, அதிலுள்ள சார்பிடால் ஓட்டத்தைக் கூட்டும், ஓஆர்எஸ்ஸும் கஞ்சியும்தான். தும்மல், அரிப்புக்கு ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை ஜூஸோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்குங்கள். ஜூஸ் அந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும்.

கடைசியாக, சுகர் உள்ளவருக்கு ஜூஸ் உயிர் காக்கும் நேரமும் ஒன்று உண்டு; கடிதம் எழுதிய சகோதரி இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஊசியோ மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் இறங்கிப்போய் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அப்போது முழுப் பழம் உதவாது, அது மெல்லத்தான் வேலை செய்யும். வடிகட்டிய ஜூஸோ பாக்கெட் ஜூஸோ அரை டம்ளர், சுமார் 120 மில்லி, உடனே கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு அரை டம்ளர். சரியானதும் இட்லியோ சோறோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்